சொந்தக்காரர் இல்லாத ஊர்

அண்ணி,

காரின் கதவுக்குக் கீழே ஓடும் கறுப்பு பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றியபோது உள்ளேயிருந்து ஒரு கை மண் கொட்டியது. காய்ந்து பொடிந்த வண்டல். அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். ஆற்றில் முதல் தண்ணீர் வரும்போது எழும் வாசனை அப்படியே எழுந்தது. மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள் நான். தினமும் ஏதேதோ ஊர் மண் கைக்கு வருகிறது. இது எந்த இடத்து மண், எந்தக் காலையில் உள்ளே போனது என்று சொல்ல எந்தச் சோதனையும் தேவைப்படவில்லை. ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

காரைப் பழையபடி ஆக்கி வைக்கச் சொல்லியிருந்தான் அண்ணன். உங்கள் வருஷத் திதிக்காகக் குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தான். திதி முடிந்த மூன்றாம் நாள் மன்னார்குடியிலிருந்து ஒருவர் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். "வண்டி நல்லாத்தான் இருக்கு. ஆனா உள்ள பலகை, மேல கம்பி, அடியில தகடு, இதெல்லாம் என்னங்க? கழட்டிட்டு கம்பெனி வண்டி மாதிரி குடுத்தா எடுத்துக்கிறேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிப் போனார். கழற்றும் வேலை என் தலையில் விழுந்தது. எந்த போல்ட் எங்கே இருக்கிறது என்று இந்த வீட்டில் தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான்.

அந்தப் பலகையைக் கழற்றிவிட்டால் நீங்கள் கேட்ட அந்த ஒரு ராத்திரியும் அதோடு போய்விடும். அதுதான் கை ஓடவில்லை.

மயிலாடுதுறைக் கல்யாணத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் நீங்கள் அதை முதன்முதலில் சொன்னீர்கள். ஜன்னலோரம் நீங்கள், பக்கத்தில் நான், முன் சீட்டில் அம்மா. கல்யாண வீட்டில் தங்கிய இரண்டு நாளில் ஏழெட்டுப் பேர் உங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். "ஏதும் விசேஷம் உண்டா?" கல்யாணமாகி நாலு வருஷம், அதில் அண்ணன் ஊரில் இருந்தது மொத்தமே நாலைந்து மாதம். நீங்கள் ஒவ்வொருவரிடமும் சிரித்துக்கொண்டே "இல்லைங்க" என்றீர்கள். கடைசியாக ஒரு அத்தை கேட்டபோது அம்மா பக்கத்தில்தான் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. நானும் நின்றேன். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

"நாம இதுவரைக்கும் எங்க போனாலும் யாரு வீட்டுக்காவதுதான் போயிருக்கோம். கவனிச்சியா பட்டதாரி?" என்றீர்கள்.

வீட்டில் முதலில் காலேஜ் முடித்தவள் என்பதால் நீங்கள் எனக்கு வைத்த பெயர் அது. யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். திருச்சி என்றால் சித்தி வீடு, நாகப்பட்டினம் என்றால் பெரியப்பா வீடு. கோயிலுக்குப் போனால்கூட பக்கத்துத் தெருவில் ஒரு முறைக்காரர் இருப்பார். அவர் வீட்டில் சாப்பிடாமல் வந்தால் வருஷக்கணக்கில் சொல்லிக் காட்டுவார்கள். போன இடத்திலும் நாம்தான் காய் நறுக்க வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும், கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும்.

"ஒரே ஒரு ராத்திரி. சொந்தக்காரங்க யாருமே இல்லாத ஊர்ல படுத்து எந்திரிச்சு, காப்பி போட்டுக் குடிச்சுட்டு வரணும். மலையா இருந்தா இன்னும் நல்லாருக்கும். பொறந்ததுலேருந்து தரையாவே பாத்தாச்சு."

"லாட்ஜ்ல தங்கலாமே அண்ணி?"

"ரெண்டு பொம்பளைங்க தனியா போய் ரூம் கேட்டா, அவன் கேக்குற கேள்விக்கு அத்தை வீடே தேவலாம்." பிறகு சொன்னீர்கள்: "நம்ம கொட்டகையில ஒரு ரூம் சும்மா நிக்குது. நாலு சக்கரத்தோட."

அடைமழையில் நம் தெரு சேறாகிவிடுகிறது என்று அண்ணன் வாங்கிப்போட்ட கார் அது. பழைய வண்டி, சின்ன வண்டி, ஆனால் நாலு சக்கரமும் இழுக்கும். அவன் திரும்பிப் போனபிறகு விதை மூட்டை அடுக்கத்தான் பயன்பட்டது. நாம் இரண்டு பேரும் ஒன்றாக டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தோம். நான் முதல் தடவையே லைசென்ஸ் வாங்கினேன். நீங்கள் மூன்றாவது தடவை. "பட்டதாரிக்குப் பாஸ் பண்றது பழக்கம்" என்று இன்ஸ்பெக்டர் காதில் விழும்படியே சொன்னீர்கள்.

பிளவுஸ் தைக்கும் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு நீங்கள் காருக்கு அடியில் படுத்த நாள் எனக்கு மறக்காது. தரைக்கும் வண்டிக்கும் இடையே எவ்வளவு, சீட்டை மடக்கினால் நீளம் எவ்வளவு, சக்கரத்துக்கும் மேல் வளைவுக்கும் இடையே எத்தனை விரல். எல்லாவற்றையும் வாடிக்கைக்காரர் அளவு எழுதும் நோட்டிலேயே, ஒரு பக்கத்தில், ஜாக்கெட் அளவு மாதிரியே எழுதினீர்கள். நான் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு பட்டியல் போட்டிருந்தேன். அதில் பாதியை அடித்துவிட்டீர்கள். "மலைக்குப் போறோம், சண்டைக்கா போறோம்?"

பக்கத்தில் குடவாசலில், சேற்று உழவுக்கு டிராக்டரில் மாட்டும் இரும்புச் சக்கரம், கேஜ் வீல், அடிக்கும் பட்டறைக்குத்தான் போனோம். பட்டறைக்காரருக்கு நம்மைப் பார்த்ததும் உற்சாகம் வந்துவிட்டது.

"நாலு இஞ்சு தூக்கிருவம்மா. ஜம்முன்னு நிக்கும்."

"நிக்கறதுக்கு இல்லண்ணே, போறதுக்கு. ஒரு இஞ்சு போதும்."

"ஒரு இஞ்சு தூக்குனா வெளிய தெரியவே தெரியாதே."

"தெரிய வேணாம். ஜாக்கெட்ட ஆல்டர் பண்ணா தச்ச இடம் தெரியக் கூடாது. நாலு இஞ்சு தளத்துனா அது வேற ஆளு ஜாக்கெட்டு."

அவர் சிரித்துக்கொண்டே ஸ்பிரிங்குக்கு மேலே வைக்கும் வளையங்களைக் கடைந்து கொடுத்தார். டயரும் ஒரே ஒரு படி பெரியது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினாலும் உள்ளே உரசவில்லை என்று நான் டார்ச் அடித்துப் பார்த்துச் சொன்னபிறகுதான் எடுத்தோம். எஞ்சினுக்கு அடியில் கல் அடிக்காமல் இருக்க ஒரு இரும்புத் தகடு. அதில் வரிசையாக ஓட்டை போடச் சொல்லி அவரே யோசனை சொன்னார். "நம்ம ஊரு களி உள்ள பூந்தா வெளிய வராது. தகடே மண்வெட்டி ஆயிரும்" என்றார். அந்த ஓட்டைகளுக்கு நாம் பின்னால் நன்றி சொல்ல வேண்டியிருந்தது.

உள்வேலை முழுக்க உங்களுடையது. மடக்கும் பலகை, அதற்கடியில் அடுப்புக்கும் அரிசிக்கும் இழுப்பறை, ஜன்னலில் ஒட்டிக்கொள்ளக் காந்தம் வைத்துத் தைத்த கொசுவலை. கூரைமேல் ஒரு கம்பி, அதிலிருந்து நெல் காயப்போடும் தார்ப்பாயைப் பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் நிழல். கடைசியாக, பழைய கல்யாணப் பந்தல் துணியில், ஒரு ஆள் நிற்கும் உயரத்துக்கு ஒரு சின்னக் கூடாரம், மூடி போட்ட வாளியோடு. அதைக் கொல்லையில் நிறுத்திப் பார்த்தபோது அம்மா வந்தாள்.

"இது என்னடி?"

"கக்கூசு அத்தை."

"ஆத்தாடி. ஜரிகை வெச்ச துணியில கக்கூசா? வீடு வாசல் இருக்கயில ரெண்டும் எங்கடி போகப் போறீங்க?"

"நீங்களும் வாங்க அத்தை. ஜரிகைக்குள்ள போனா ராணி மாதிரி இருக்கும்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். ஆனால் அன்று சாயங்காலம் அவள் தனியாக அந்தத் துணியை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்ததை நான் சமையற்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உங்களிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

வண்டல் கதவுக்குள் போனது என் தப்பினால், அண்ணி. மலைக்குப் போகும் முன் வண்டியை எங்கேயாவது சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஆற்றுக்குள் இறக்கினோம். ஆறு என்று பெயர். கொஞ்சம் அகலமான வாய்க்கால்தான். ஆனி மாதம். அப்போதுதான் தூர் வாரியிருந்தார்கள். இறங்குவதற்கு முன் நீங்கள் கேட்டீர்கள், "கல்லணை தொறந்துட்டாங்களே, தண்ணி வந்துராது?"

"மூணு நாள்தான் ஆச்சு. நமக்கு வர இன்னும் ஒரு வாரம் ஆகும் அண்ணி" என்றேன்.

திருவையாற்றுப் பக்கம் பிறந்த உங்களுக்கு அது நம்ப முடியாததாக இருந்தது. உங்கள் ஊரில் திறந்த மறுநாளே கால் நனையும். நாங்கள் கடைமடை, தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர். காத்திருந்தே பழகியவர்கள், தண்ணீர் சொன்ன நாளில் வராது என்பதுதான் எங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே விஷயம். வாய் திறந்து பேசாத நான் அன்று அவ்வளவு நிச்சயமாகச் சொன்னதால் நீங்களும் இறங்கிவிட்டீர்கள். வாய்க்கால் சுத்தமாக இருந்தால் தண்ணீர் வேகமாக வரும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. சுத்தமான வாய்க்காலை நாங்கள் பார்த்ததில்லை.

மணலில் கார் அழகாகப் போயிற்று. வளைவில் இயந்திரம் தோண்டிய பள்ளம் மேலே காய்ந்து, அடியில் களியாக இருந்திருக்கிறது. முன்சக்கரம் இரண்டும் பொதக்கென்று இறங்கின. தகடு மண்ணில் உட்கார்ந்தது. நீங்கள் மண்வெட்டியால் தோண்டிக்கொண்டிருந்தபோது கரைமேல் பேச்சுக்குரல் கேட்டது. பார்த்தால் பாதி ஊர் வருகிறது. கையில் பூத்தட்டு, விதைநெல், கற்பூரம். நடுவில் அம்மா. முன்னால் வந்த கோவிந்து மாமா அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்மா, தண்ணிய வரவேக்க வந்தா காரு நிக்குது?"

"தண்ணியா மாமா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"மேல் மதகு தாண்டிருச்சுன்னு போன் வந்துச்சு. அரைமணி நேரம், மிஞ்சிப்போனா."

டிராக்டர் எல்லாம் அடுத்த ஊரில் உழவுக்குப் போயிருந்தது. கார் முழுகினால் அண்ணனுக்குப் பதில் சொல்ல முடியாது. அது மட்டும் இல்லை. இனி எந்தக் காலத்திலும் நீங்கள் எங்கும் போக முடியாது என்று எனக்குத் தெரிந்தது. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். "நல்லா மிதிச்சு எடும்மா." "பின்னால எடு." "ஆம்பள யாராவது ஏறுங்கப்பா." நீங்கள் சேற்றுக் கையோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள்.

"நீ ஏறு. நான் தோண்டுறேன்."

"அண்ணி, நான் மாட்டேன். நீங்களே ஓட்டுங்க."

"எனக்குத் தோண்டத் தெரியும். வண்டி என்ன சொல்லுதுன்னு உனக்குத்தான் கேக்கும். ஏறு."

நாலு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினீர்கள். தகட்டின் ஓட்டைகளில் குச்சியை விட்டுக் களியைத் தள்ளினீர்கள். யாரோ வைக்கோல் கட்டுக் கொண்டுவந்தார்கள். சக்கரத்துக்கு முன்னால் திணித்தீர்கள். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்படி குமிழைத் திருப்பி நான் முதல் கியர் போட்டதும் மறுபடியும் கூச்சல் ஆரம்பித்தது. அப்போது நீங்கள் கரையைப் பார்த்துச் சொன்னீர்கள். கத்தவில்லை. "யாரும் பேசாதீங்க. ஓட்டுறவளுக்குச் சக்கரத்தோட சத்தம் கேக்கணும்."

கோவிந்து மாமா உட்பட எல்லாரும் வாயை மூடினார்கள். என் வாழ்நாளில் என்னைக் கேட்க விடுவதற்காக ஒரு கூட்டம் அமைதியானது அன்றுதான். இடது சக்கரம் வழுக்குகிற சத்தம் கேட்டது, காலைத் தளர்த்தினேன். வைக்கோல் நொறுங்கும் சத்தம் கேட்டது, மெல்ல அழுத்தினேன். கொஞ்சம் பின்னால், கொஞ்சம் முன்னால். நாலாவது தடவை வண்டி பெருமூச்சு விட்ட மாதிரி மேலே ஏறி, சரிவு வழியாகக் கரைக்கு வந்து நின்றது. நான் இறங்கும்போது வளைவில் தண்ணீர் தெரிந்தது. நுரையும் சருகும் பிளாஸ்டிக் பாட்டிலுமாக, தரையை நக்கிக்கொண்டே வந்து, நாம் தோண்டிய பள்ளத்தை நிரப்பிவிட்டுப் போயிற்று.

எல்லாரும் பூ போட்டார்கள். அம்மா தண்ணீருக்குக் கற்பூரம் காட்டினாள். பிறகு யாரையும் பார்க்காமல் நடந்து வந்து, தட்டில் மிச்சம் எரிந்ததைக் காருக்கும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போனாள். "உங்கம்மா என்னைத் திட்ட மறந்துட்டாங்கடி" என்றீர்கள் நீங்கள்.

குறுவை அறுப்பு முடிந்ததும் பச்சைமலைக்குப் போவது என்று முடிவு செய்தோம். ஐப்பசியில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. விடவில்லை. தெருவில் முழங்கால் தண்ணீர். ஆம்புலன்ஸ் சாலையோடு நின்றுவிட்டது. நம் கார் வந்தது. மலைக்கென்று செய்த பலகையில் உங்களைப் படுக்கவைத்து, உங்கள் தலையை அம்மா மடியில் வைத்துக்கொள்ள, நான் தஞ்சாவூர் வரைக்கும் ஓட்டினேன். "வண்டி நல்லாப் போவுது" என்று ஒரு தடவை சொன்னீர்கள். ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்கள் கூட்டமாக நின்றபோது என்னைக் கிட்டே கூப்பிட்டு, "இங்கயாவது சொந்தக்காரங்க இருக்க மாட்டாங்கன்னு பாத்தா, மொத்தப் பேரும் வந்துட்டாங்க" என்றீர்கள். சிரித்தேன். அது கார்த்திகை. அந்த மாதம் முடிவதற்குள் நீங்கள் இல்லை.

வருஷம் முடியாமல் மலை ஏறக் கூடாது என்றாள் அம்மா. ஞாயிறுதோறும் காரை ஸ்டார்ட் செய்து கால் மணி நேரம் ஓடவிட்டு நிறுத்துவேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

அன்று கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் வந்தான். "இன்னும் கழட்டலயா? நாளைக்கு அவரு வந்துருவாரு."

"விக்க வேணாம்ணே."

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் அவனிடம் 'வேணாம்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"யாரு ஓட்டப் போறா?"

"நான் ஓட்டுவேன்."

"எதுக்குடி இதெல்லாம் பண்ணீங்க? போன்ல கேட்டா, காரைத் துடைச்சோம்னு சொல்லுவா. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

சொன்னேன். பஸ்ஸில் நீங்கள் பேசியதை, கல்யாண வீட்டில் கேட்டதை, அந்த ஒரு ராத்திரியை. அவன் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்து நீங்கள் தைத்த கொசுவலையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே கேட்டான். "என்கிட்ட சொல்லிருக்கலாம்ல" என்றான். பிறகு அவனே, "நான் எங்க கேட்டேன்" என்றான்.

அம்மா எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. காருக்குள் ஏறி, பலகையில் காலை நீட்டிப் படுத்துப் பார்த்தாள். "ரெண்டு பேருக்குத்தான் பத்தும். அவன் முன் சீட்டுல கெடக்கட்டும்" என்றாள். மன்னார்குடிக்காரருக்கு அண்ணன் போன் செய்து வர வேண்டாம் என்றான்.

மார்கழி முதல் சனிக்கிழமை பச்சைமலைக்குப் போனோம். பெரம்பலூர்ப் பக்கமிருந்து ஏறினோம். மேலே தார்ச்சாலை முடிந்து கல்பாதை வந்ததும் அண்ணன் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பக்கம்... இந்தப் பக்கம்" என்றான். "பேசாம வாடா. அவளுக்குச் சத்தம் கேக்கணும்" என்றாள் பின்னாலிருந்து அம்மா. தகடு இரண்டு தடவை கல்லில் உரசியது. அவ்வளவுதான்.

ஒரு மரவள்ளித் தோட்டத்துக்காரரிடம் கேட்டு அவர் மேட்டில் நிறுத்திக்கொண்டோம். தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன். ஜரிகைக் கூடாரத்தை அம்மாவே நிறுத்தினாள். காலையில் மேகம் காரின் சக்கரத்துக்குக் கீழே கிடந்தது. அம்மா வெகுநேரம் விளிம்பில் நின்று, "எல்லாம் கீழயே இருக்கு" என்றாள். நான் காப்பி போட்டேன். அப்போது அந்தத் தோட்டக்காரரின் மனைவி பால் கொண்டுவந்தார்.

"எந்த ஊருங்க? யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?"

"தஞ்சாவூர்ப் பக்கங்க. யாரு வீட்டுக்கும் இல்ல" என்றேன். நன்றாகக் கேட்கும்படி சொன்னேன். உங்கள் பதில் அது. சொல்ல என் வாய்தான் இருந்தது.

"அட, எங்க சின்ன மருமவளும் அந்தப் பக்கந்தான், குடவாசல்" என்றார் அவர்.

நான் அம்மாவைப் பார்த்தேன், அண்ணி. ஒரு ஊர்ப் பெயர் காதில் விழுந்தால் எந்தத் தெரு, யார் பெண், யாருக்குக் கொடுத்திருக்கிறார்கள், என்ன விசேஷம் என்று கேட்காமல் அம்மா மூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. அண்ணனும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"அப்படிங்களா" என்றாள் அம்மா. "பால் நல்லா திக்கா இருக்கு."

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவர் போனபிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "கேட்டா ஏதாவது ஒரு முறை வந்துரும்டி. அப்புறம் இதுவும் சொந்தக்காரங்க ஊரா போயிரும்."

கல்பாதை தாண்டியதும், அதற்காகக் குறைத்திருந்த காற்றை டயர்களில் திரும்ப ஏற்றினேன். இறங்கும்போது எதிரில் வந்த ஜீப்புக்காரர் நின்று, இந்தச் சின்ன வண்டியை யார் மேலே கொண்டுவந்தது என்று அண்ணனிடம் கேட்டார். அண்ணன் என்னைக் காட்டினான். நான் தலையைக் குனியவில்லை. உங்கள் அளவு நோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. கார் அளவு எழுதிய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில், நமக்கு யாரையும் தெரியாத ஊர்களின் பெயர்களை எழுத ஆரம்பித்திருக்கிறேன். அம்மா இரண்டு சொல்லியிருக்கிறாள்.